தினமும் போடக்கூடிய பூட்ஸே பாதுகாப்பு

2019 செப்டம்பரில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, செருப்புப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் அபராதம் என்றொரு வதந்தி நாடு முழுக்கப் பரவியது. லுங்கி கட்டியிருந்தாலும், அரைக்கைச் சட்டை போட்டிருந்தாலும் அபராதம் என்று அது நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. அப்படி எந்த விதியும் சட்டத்தில் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே மறுப்பு வெளியிட்டது. வதந்தி அடங்கியது, அதோடு காலணியைப் பற்றிய பேச்சும் அடங்கிவிட்டது. அபராதம் உண்டா இல்லையா என்பதை மட்டுமே விவாதித்துவிட்டு, பைக் ஓட்டுபவர் காலில் என்ன போட வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வியை நாம் கேட்காமலேயே விட்டுவிட்டோம். அந்தக் கேள்விக்கு என் பதில் இது: பைக் ஓட்டுபவருக்குக் காலணி என்பது உடையின் ஒரு பகுதி அல்ல, வண்டியின் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று. அதில் சிறந்தது எது என்றால், கடையிலேயே விலை அதிகமானதோ, கவசங்கள் நிறைந்ததோ அல்ல. கணுக்காலை மூடி, முறுக்கினால் வளையாமல், தரையில் வழுக்காமல் நின்று, அதே நேரத்தில் காலை முதல் இரவு வரை காலில் கிடந்தாலும் உறுத்தாத ஒன்றே சிறந்தது. வசதியும் பாதுகாப்பும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருப்பதால்தான் நாம் இரண்டையும் இழக்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. இந்தக் கணக்கு இறந்தவர்களைப் பற்றிச் சொல்கிறது. உயிர் பிழைத்தாலும் கணுக்கால் நொறுங்கி, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தவர்கள் ‘பலத்த காயம்’, ‘லேசான காயம்’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். பைக் சாயும்போது முதலில் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்குவது காலே. ஸ்பிளெண்டர் வகை வண்டி சுமார் 110 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. அந்த எடை பக்கவாட்டில் வந்து அழுத்தும் இடம், 26 சிறு எலும்புகளால் ஆன பாதம். கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளுக்கு மேல் தோலைத் தவிரத் தடுப்பு எதுவும் இல்லை. தாங்கிக்கொள்ளச் சதை கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நமக்கு மெதுவான வேகம். ஆனால் அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் தார்ச்சாலையில் இழுபடும் வெறுங்காலோ ரப்பர் செருப்போ எத்தனை நொடி தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. செருப்பு முதல் அதிர்விலேயே கழன்று போய்விடும். அதன் பிறகு இழுபடுவது வெறுங்கால்தான்.

இதில் ஊகத்தை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் தலைமையிலான ஆய்வாளர்கள், தலைநகர் கான்பெரா அமைந்துள்ள பிரதேசத்தில் 2008-09-ல் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டுநர்களைப் பற்றித் தகவல் திரட்டி, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பைக்குக்கென்றே கவசம் வைத்துச் செய்யப்பட்ட பூட்ஸ் அணிந்திருந்தவர்களுக்குப் பாதத்திலும் கணுக்காலிலும் காயம்படும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராத முடிவு அடுத்ததில் இருக்கிறது. பைக்குக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ் அணிந்திருந்தவர்களுக்கும், சாதாரண ஷூவோ ஓட்டப் பயிற்சிக்கான ஷூவோ அணிந்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், அபாயம் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பைக் ஓட்டுநர்களுக்கென்றே விற்கப்படும் ஜாக்கெட்டுகளில் 29.7 சதவீதமும், கால்சட்டைகளில் 28.1 சதவீதமும், கையுறைகளில் 25.7 சதவீதமும் விபத்தின்போது கிழிந்தோ தையல் விட்டோ தோற்றுப்போயின. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாங்குபவருக்கு ஒரு தெளிவு கிடைக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ‘ரைடிங்’ என்ற சொல் யாரையும் காப்பாற்றாது. கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் தடித்த, உறுதியான பூட்ஸ், அது எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும், காப்பாற்றுகிறது. செருப்புக்கும் இருபதாயிரம் ரூபாய் பூட்ஸுக்கும் நடுவில் எதுவுமே இல்லை என்ற நினைப்பை இந்த முடிவு தகர்க்கிறது.

இந்த ஆதாரத்தின் மீது நியாயமான இரண்டு சந்தேகங்கள் எழலாம். பூட்ஸ் போடுபவர்கள் இயல்பிலேயே கவனமாக ஓட்டுபவர்களாக இருக்கலாம். காயம் குறைந்ததற்குக் காரணம் பூட்ஸா, அவர்களின் நிதானமா என்பது ஒன்று. 212 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆஸ்திரேலியச் சாலையும் நம் சாலையும் ஒன்றல்ல என்பது இரண்டாவது. இரண்டும் உண்மை. ஆகவே அந்தச் சதவீதங்களை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பெயர்த்து எழுத முடியாது. ஆனால் தடித்த தோல் தார்ச்சாலையோடு உரசும்போது அடியில் இருக்கும் சதையைக் காப்பதும், விறைப்பான அடிப்பாகம் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதும் நாட்டுக்கு நாடு மாறும் விஷயங்கள் அல்ல. மூன்றாவதாக ஒரு மறுப்பும் உண்டு. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியான புகழ்பெற்ற அறிக்கை, உயிரைக் குடிப்பவை தலையிலும் மார்பிலும் படும் காயங்களே என்றது. தடித்த பூட்ஸும் கையுறையும் தடுப்பவை சிராய்ப்பு, கிழிசல் போன்ற அடிக்கடி நேரும், ஆனால் பெரும்பாலும் கடுமையாகாத காயங்கள் என்றும் அது சொன்னது. அப்படியானால் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசினால் போதாதா என்று கேட்கலாம். ஹெல்மெட்தான் முதலிடம், அதில் விவாதமே இல்லை. ஆனால் மருத்துவரின் கணக்கில் கடுமையாகாத காயம் தினக்கூலிக்காரரின் கணக்கில் கடுமையானது. குதிகாலில் தோல் உரிந்தவர் கொத்தனார் வேலைக்குப் போக முடியாது, பேருந்தில் நின்றுகொண்டு நடத்துநர் வேலை பார்க்க முடியாது. உயிரை மட்டும் அளவுகோலாக வைத்தால் உழைப்பவரின் வாழ்வில் பாதியை அளக்காமல் விட்டுவிடுவோம்.

இனி வசதிக்கு வருவோம். வசதி என்பது சொகுசு அல்ல. வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனின் ஒரு பகுதி. பின்சக்கர பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை வலது கால் உணர்ந்தாக வேண்டும். கியர் விழுந்ததா, நியூட்ரலில் நிற்கிறதா என்பதை இடது கால் உணர்ந்தாக வேண்டும். பெருவிரலை நெரிக்கும் ஷூவில் பாதம் மரத்துப்போகும். பெரிதாகத் தொளதொளவென்று இருக்கும் ஷூவில் கால் உள்ளேயே நழுவும். அடிப்பாகம் பாளம்போல் தடித்திருந்தால் பிரேக் மிதியின் அசைவு காலுக்கு எட்டாது. அவசரத்தில் பிரேக் பிடிக்கும் ஒரு கணத்தில் இவை ஒவ்வொன்றும் விபத்தாக மாறலாம். ஹவாய் செருப்பின் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. சிக்னலில் கால் ஊன்றும்போது மணலில் சறுக்கும், மழையில் பாதம் செருப்பின் மேலேயே வழுக்கும், கழன்று விழும் செருப்பைக் காலால் துழாவும் அந்த நொடியில் ஓட்டுபவரின் கண் சாலையிலிருந்து விலகும். செருப்பு வசதியானது என்று நாம் நினைப்பது நடக்கும்போது கிடைக்கும் வசதியை வைத்துத்தான்; ஓட்டும்போது அது வசதியானது அல்ல. வசதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. உறுத்தும் பூட்ஸ் அலமாரியில்தான் இருக்கும். லடாக் பயணத்துக்காக வாங்கி ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போடும் உயரமான பூட்ஸ், தினமும் அலுவலகம் போகும் பத்துக் கிலோமீட்டரில் எந்தக் காலையும் காப்பதில்லை. விபத்து நாள் பார்த்து வருவதில்லை என்பதால், எல்லா நாளும் போட முடிகிற பூட்ஸே உண்மையில் காக்கும் பூட்ஸ்.

கடையில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? முதலாவது உயரம். கணுக்கால் எலும்பு முழுவதும் மூடப்பட்டு, அதற்கு மேலும் சில விரற்கடை ஏறியிருக்க வேண்டும். அந்த எலும்பின் மேல் இருபுறமும் மெத்தென்ற திண்டோ கெட்டியான வட்டோ இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது விறைப்பு. ஒரு கையால் குதிகாலையும் மறுகையால் முன்பகுதியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்க வேண்டும். சுலபமாக முறுகினால் வண்டி மேலே விழும்போது பாதமும் அப்படியே முறுகும். பாதத்தின் அகலமான பகுதியில் அடிப்பாகத்தை இருபுறமும் அழுத்தினால் அது மடங்கக் கூடாது. ஆனால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். இல்லாவிட்டால் நடக்க முடியாது. மூன்றாவது குதிகால் கிண்ணம். பெருவிரலால் அழுத்தினால் உள்வாங்காத அளவுக்கு அது கெட்டியாக இருக்க வேண்டும். நான்காவது அடிப்பாகம். எண்ணெய் சிந்திய பெட்ரோல் பங்க் தரையிலும் ஈரமான டைல்ஸிலும் பிடித்து நிற்கும் ரப்பராக இருக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டில் பதிந்து நிற்கச் சிறிய குதியும் வேண்டும். ஐந்தாவது, காலைக் கட்டும் விதம். நீண்ட லேஸ் முடிச்சு கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ மாட்டிக்கொண்டால், வண்டி நிற்கும்போது கால் ஊன்ற முடியாமல் சாய வேண்டியதுதான். ஜிப்பும் அதன் மேல் வெல்க்ரோ மூடியும் உள்ளவை நல்லவை. லேஸ் உள்ளதையே வாங்கினால் நுனியை உள்ளே செருகிவிடும் பழக்கம் வேண்டும். கடைசியாக, விரல் நுனியால் லீவரைத் தூக்கி கியர் மாற்றும் வண்டியானால் இடது பூட்ஸின் மேல்பகுதியில் தனியாக ஒரு தோல் பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் மிதித்து கியர் மாற்றும் லீவர் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு.

அளவு பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நாள் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போவது நல்லது. காலையில் கச்சிதமாகப் பொருந்தியது மாலையில் கடிக்கும். தினமும் எந்த சாக்ஸ் போடுவோமோ அதையே அணிந்து போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்துக்கே அளவு எடுக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் சிறிது இடம் இருக்க வேண்டும்; குதிகால் மேலே எழும்பக் கூடாது. நடந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், வண்டியில் உட்கார்ந்து முழங்கால் மடங்கிய நிலையில் கியர் லீவரின் அடியில் விரல் நுழைகிறதா, பிரேக் மிதியை வேறெதையும் தொடாமல் அழுத்த முடிகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பல வண்டிகளில் லீவரின் உயரத்தை மெக்கானிக் சில நிமிடங்களில் மாற்றித் தந்துவிடுவார். புதிய பூட்ஸுக்கு ஏற்ப அதைச் செய்துகொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். காயம் ஆறவும் நாளாகும். சாலையில் உரசும் காயமும் அவர்களுக்கு ஆபத்து, இறுக்கமான பூட்ஸ் உள்ளே ஏற்படுத்தும் கொப்புளமும் ஆபத்து. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு, உள்ளே தையல் மேடு உறுத்தாத அகலமான பூட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வழக்கமும் வேண்டும்.

நீடித்து உழைப்பது என்பதை நாம் பெரும்பாலும் பிராண்டின் பெயரை வைத்தே தீர்மானிக்கிறோம். அது பொருளையும் தையலையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டியது. மாட்டுத் தோலின் மேல்படலம் சீவப்படாத முழுத்தோல் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். தோலின் அடிப்பகுதியைப் பிளந்து அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி விற்பதும் தோல் என்ற பெயரில்தான் வருகிறது. அதில் மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடித்து உரியும். நல்ல செயற்கைத் தோல்களும் இருக்கின்றன. அவை எடை குறைந்தவை, சீக்கிரம் உலர்பவை. உரசும் இடங்களில் இரண்டு மூன்று வரிசைத் தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்பாகம் தைத்து இணைக்கப்பட்டிருந்தால், தேய்ந்த பிறகு அதை மட்டும் மாற்றிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். பசையால் மட்டும் ஒட்டியதில் அது கடினம். நம் கடற்கரை ஊர்களுக்கென்றே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பாலியூரித்தேனால் ஆன அடிப்பாகங்களில் பலவும் ஈரப்பதமும் வெப்பமும் சேரும்போது உள்ளுக்குள்ளேயே வேதிமாற்றமடைந்து, சில ஆண்டுகளில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்குமுன் தயாரித்த மாதமும் ஆண்டும் பார்ப்பது அதனால் அவசியம். ஈரமான பூட்ஸை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்து உலர்த்தினால் தோல் வெடிக்கும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காற்றாடும் நிழலில் வைப்பதே சரி. தையல் விட்டால் தெருமுனையில் காலணி தைப்பவரிடம் உடனே கொடுத்து இரட்டைத் தையல் போட்டுக்கொள்வது, புதிதாக வாங்கும் செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும்.

தரச் சான்றுகள் வாங்குபவருக்கு உதவும், படிக்கத் தெரிந்தால். ஐரோப்பாவில் பைக் ஓட்டுநர்களின் காலணிக்கென்றே இ.என். 13634 என்ற தர விதி இருக்கிறது. அதன் முத்திரையில் ஒரு பைக் ஓட்டுநரின் படமும் அதன்கீழ் 1 அல்லது 2 என்று நான்கு எண்களும் இருக்கும். அவை வரிசையாக உயரம், உரசலைத் தாங்கும் திறன், வெட்டுப்படாத திறன், பக்கவாட்டு அழுத்தத்தில் மடங்காத திறன் ஆகியவற்றைக் குறிக்கும்; 2 என்பது மேல்நிலை. கணுக்கால் கவசத்துக்கும், நீர் புகாமைக்கும், வழுக்காமைக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. இந்த முத்திரை இருந்தால் அந்தப் பூட்ஸ் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்று நம்பலாம். இந்தியாவில் தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணிக்கு ஐ.எஸ். 15298 என்ற தரம் உள்ளது. அதில் ஒரு வகையின் விரல் மூடி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்க வேண்டும். இரும்பு மூடி நசுங்கினால் விரலையே வெட்டிவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த மூடியையே நசுக்கும் அளவு விசை வந்தால், மூடி இல்லாத விரல் எப்படியும் மிஞ்சியிருக்காது. இந்தக் காலணிகளின் உண்மையான குறை வேறு. முன்பகுதி தடித்திருப்பதால் சில வண்டிகளில் கியர் லீவரின் அடியில் நுழையாது. பலவும் கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். கணுக்காலுக்குத் தனிக் கவசம் இருக்காது. ஆகவே அவற்றில் உயரமான வகையை, வண்டியில் உட்கார்ந்து சோதித்து வாங்க வேண்டும். அப்படி வாங்கினால், பைக்குக்கென்று செய்யப்பட்டதற்கு நிகராகாவிட்டாலும், செருப்பைவிட எவ்வளவோ மேல்.

எதிர்ப்புகளில் வலுவானது நம் வெயில். மே மாதச் சென்னையிலும் வேலூரிலும் 40 டிகிரி வெப்பத்தில் பூட்ஸ் போடச் சொல்வது எளிது, போடுவது கடினம். இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. வியர்வையில் ஊறிய பாதத்தில் சேற்றுப்புண்ணும் பூஞ்சையும் வரும். ஆனால் வெயிலுக்கான விடை பூட்ஸைத் துறப்பது அல்ல, வெயிலுக்கேற்ற பூட்ஸைத் தேர்வது. குளிர்நாடுகளுக்காகச் செய்யப்பட்ட, உள்ளே நீர்தடுப்புப் படலம் வைத்த உயரமான பூட்ஸ் நம் கோடைக்குப் பொருந்தாது. பக்கங்களில் துளையிட்ட தோலும் வலைத்துணியும் கலந்து, விரல், குதிகால், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் கெட்டியாக இருக்கும் குட்டையான ரைடிங் ஷூக்கள் வண்டி ஓடும்போது காற்றை உள்ளே விடும். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் சாக்ஸ் இரண்டு மூன்று ஜோடி வைத்துக்கொண்டு தினமும் மாற்றினால் பாதி உபத்திரவம் தீரும். மழைக்கும் இதே தருக்கம்தான். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது, நீர் புகாத பூட்ஸுக்குள் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தால் அது வெளியேறவும் வழி இருக்காது. சீக்கிரம் உலரும் ஷூவும் அதன் மேல் மாட்டும் மழை உறையும் அங்கே அதிகப் பயன் தரும். வெயிலின் பெயரால் பூட்ஸை மறுப்பவர்கள் மறந்துவிடும் ஒன்றும் இருக்கிறது: சூடேறிய இன்ஜினும் சைலன்ஸரும் கால்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அவற்றில் பட்டுச் சுட்டுக்கொள்வதையும் பூட்ஸ் தடுக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு விலை. வெளிநாட்டுப் பெயர்கள் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகின்றன என்பதும், மாதச் சம்பளத்தில் அது பெரும்பங்கு என்பதும் உண்மை. ஆனால் மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வு இந்த எதிர்ப்புக்கு நேரடியான விடை தருகிறது: கணுக்காலை மூடும் உறுதியான சாதாரண பூட்ஸே பெரும் மாற்றத்தைக் கொண்டுவருகிறது. கணுக்கால் உயரத் தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணிகள் பெரும்பாலான ஊர்களில் ஹார்டுவேர் கடைகளிலேயே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஜோடி மலிவுச் செருப்பு வாங்குபவர், சில ஆண்டுகள் உழைக்கும் ஒரு பூட்ஸின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விலையைத் தனி ஒருவர் மட்டும் சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. உணவும் பொருளும் வீடு தேடிக் கொண்டுவரும் இளைஞர்கள் நாள் முழுவதும் சாலையில் இருப்பவர்கள்; நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட சட்டையும் பையும் அவர்களிடம் இருக்கின்றன, காலில் பெரும்பாலும் செருப்புதான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு இணையவழித் தொழிலாளர்களுக்கென 2023-ல் நலவாரியம் அமைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அவர்களில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. வண்டிக்குத் தரும் உதவியோடு காலணியையும் சேர்ப்பதும், நிறுவனங்கள் அதில் பங்கேற்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பதும் அரசால் முடிகிற காரியங்கள்.

மூன்றாவது எதிர்ப்பு நம் வாழ்முறையிலிருந்து வருகிறது. வீட்டு வாசலில், கோயிலில், மசூதியில், சில கடைகளில்கூட காலணியைக் கழற்றும் மக்கள் நாம். பால் வாங்கத் தெருமுனைக்குப் போக யார் பூட்ஸ் மாட்டுவார்கள் என்ற கேள்வி நியாயமானதே. இதற்காகத்தான் பக்கத்தில் ஜிப் வைத்த குட்டை பூட்ஸை முதன்மையாகப் பரிந்துரைக்க வேண்டும். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் சில நொடிகளில் முடியும். அதுவும் முடியாத நேரத்தில், குதிகாலில் வார் உள்ள, விரல் மூடிய காலணியாவது இருக்கட்டும். கழன்று விழாமலாவது இருக்கும். புடவையிலும் சுடிதாரிலும் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்குப் பெரும்பாலான கடைகள் ஆண்களின் அளவிலேயே பூட்ஸ் வைத்திருக்கின்றன. பெண்களின் பாதம் பொதுவாகக் குறுகலானது. அந்த வடிவில் செய்யப்படாத பூட்ஸ் அவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? உயரமான குதிச் செருப்போடு சிக்னலில் கால் ஊன்றுவது எவ்வளவு நிலையற்றது என்பது ஓட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். தேவை இருக்கிறது, பொருள்தான் இல்லை. பின்னால் உட்கார்ந்து வருபவர்களின் காலும் இதே கவனத்துக்கு உரியது. உடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி தயாரிப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. அப்படியிருந்தும் குழந்தைகளின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிச் சிதைவது எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த காயம். பள்ளி ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குழந்தையைப் பின்னால் உட்காரவைப்பதை இன்றே நிறுத்தலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, செருப்புக்கு அபராதம் விதிக்கச் சட்டம் வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். பிழைப்புக்காக வண்டி ஓட்டும் ஏழைகளின் தலையில் இன்னொரு அபராதத்தை ஏற்றுவதால் காலணி வராது, கசப்புதான் வரும். ஹெல்மெட் பரவியதற்கு அபராதம் மட்டும் காரணமல்ல. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்றானதும், வண்டி விற்கும்போதே ஹெல்மெட்டும் தர வேண்டும் என்ற விதி இருந்ததும் முக்கியமான படிகள். பூட்ஸுக்கும் அந்தப் பாதையே ஏற்றது. நம் வெப்பத்துக்கும் மழைக்கும் நம் வண்டிகளின் லீவருக்கும் பொருந்துகிற, கணுக்கால் உயர ஓட்டுநர் காலணிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு எளிய தர விதி ஒன்றை வகுக்க வேண்டும். வண்டி விற்கும் ஷோரூம்களில் சீட் கவருக்கும் கிராஷ் கார்டுக்கும் பக்கத்தில், தவணையில் சேர்த்துக்கொள்ளும் விலையில், அந்த பூட்ஸ் இருக்க வேண்டும். இதைச் செய்வதற்குத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டும் ஓசூரில் டி.வி.எஸ்ஸும் பைக் செய்கின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குத் தோலும் காலணியும் செய்கின்றன. 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. மாநில அரசு 2022-ல் காலணிக்கும் தோல் பொருளுக்கும் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அயல்நாட்டுக் கால்களுக்குத் தரமான ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரின் கைகளால், ஆம்பூர் சாலையில் ஓடும் பைக்குக்கேற்ற, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய பூட்ஸ் ஒன்றைத் தைக்க முடியாதா? திறனும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, வாங்க வேண்டிய கால்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அரசும் தொழிலும் அதைச் செய்யும்வரை வாங்குபவர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை காலணி வாங்கப் போகும்போது கணுக்காலை மூடுகிறதா, முறுக்கினால் தாங்குகிறதா, நாள் முழுவதும் போட முடியுமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள். மூன்றுக்கும் ஆம் என்று பதில் கிடைக்கிற எந்த பூட்ஸும், அதன் விலை எதுவானாலும், நீங்கள் இன்று போட்டுக்கொண்டு ஓட்டும் செருப்பைவிட உங்கள் காலுக்குப் பெரிய நன்மை செய்யும்.